இரண்டு குழாய்களும் சிவப்பு

"விபத்துக்குள்ளான வண்டியின் எந்தப் பாகத்தையும், அதன் நிலை எழுத்தில் பதிவாகும்வரை, யாரும் கழற்றவோ மாட்டவோ கூடாது." இது எங்கள் பட்டறை விதிப்புத்தகத்தின் முப்பத்தொன்றாம் விதி. இதை மூன்று முறை டைப் அடித்தவன் நான். முதல் முறை பட்டறை மேலாளரான வெள்ளைக்காரத் துரை சொல்லச் சொல்ல அடித்தேன். இரண்டாம் முறை அவர் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினார். மூன்றாம் முறை, பழைய இடத்திலேயே அது நன்றாக இருந்தது என்று முடிவு செய்தார். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற விதி, தேவைப்பட்ட ஒரே நாளில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அது முப்பதுகளின் பிற்பகுதி. கடல் கடந்த இந்தத் தீவில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குப் பின்புறம், கனமான சாமான்களை ஏற்றிச் செல்லும் ஒரு கம்பெனியின் பட்டறையில் நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தேன். கப்பலில் வந்திறங்கும் கொதிகலன்களையும் ஆலை இயந்திரங்களையும் ஈயச் சுரங்கத்துச் சாமான்களையும் உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது கம்பெனியின் வேலை. அவை போய்ச் சேர்ந்தன என்று நான்கு பிரதிகளில் எழுதிவைப்பது என் வேலை.

அந்த ஆண்டு நடுவில் புது டிரெய்லர் ஒன்று வந்தது. அதற்கு முன்பு எங்களிடம் இருந்த டிரெய்லர்களில் பிரேக் என்பது ஒரு மனிதன். அவன் பின்னால் உட்கார்ந்திருப்பான். முன்னால் லாரி ஓட்டுகிறவர் ஒரு முறை ஹாரன் அடித்தால் கைச்சக்கரத்தை இறுக்குவான், இரண்டு முறை அடித்தால் தளர்த்துவான். தெருவில் வேறு யாராவது ஹாரன் அடித்தாலும் அவன் அதையே செய்வான். புது டிரெய்லரில் இந்த மனிதனுக்குப் பதிலாகப் பூசணிக்காய் அளவில் ஒரு வால்வு இருந்தது. எல்லாம் காற்று.

அந்த வால்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் ஒருமுறைகூடத் தவறு செய்யாத பாத்திரம் அது ஒன்றுதான்.

முன்னாலுள்ள லாரியிலிருந்து டிரெய்லருக்கு இரண்டு ரப்பர் குழாய்கள் வரும். ஒன்றின் வாயில் சிவப்பு வளையம், மற்றதில் நீல வளையம். லாரியின் பக்கத்திலும் அதே நிறங்கள். சிவப்பைச் சிவப்பிலும் நீலத்தை நீலத்திலும் மாட்ட வேண்டும். சிவப்புக் குழாயில் எப்போதும் காற்று இருந்துகொண்டே இருக்கும். டிரெய்லருக்கென்று தனியாக உள்ள காற்றுத் தொட்டியை அது நிரப்பும். நீலக் குழாயில் வருவது செய்தி மட்டும். டிரைவர் பிரேக் மிதியை அழுத்தினால் நீலத்தில் காற்று வரும். உடனே வால்வு தொட்டியைத் திறந்து, அதிலுள்ள காற்றைச் சக்கரங்களுக்கு அனுப்பி வண்டியைப் பிடிக்கும். காலை எடுத்தால் நீலத்தில் காற்று அடங்கும். வால்வு தொட்டியை மூடி, சக்கரங்களில் இருக்கும் காற்றைப் புஸ்ஸென்று வெளியே விடும். பிரேக் தளரும்.

இன்னொன்றும் உண்டு. காற்று போனால் பிரேக்கும் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வால்வைச் செய்தவன் அதற்கு நேர்மாறாக யோசித்திருந்தான். வழியில் சிவப்புக் குழாய் அறுந்துவிட்டால், வால்வு யாரையும் கேட்காது. தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றை எல்லாம் சக்கரங்களுக்கு அனுப்பி டிரெய்லரை நிறுத்திவிடும். பிறகு சிவப்பில் காற்று வரும்வரை விடாது. பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தில் இவ்வளவும் படத்துடன் இருந்தது. புத்தகத்துக்கு எண் போட்டு அலமாரியில் வைக்கவேண்டியது என் கடமை. நான் ஒருவன்தான் அதைப் படித்தேன்.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் பட்டறையில் பூஜைக்குத் தலைவர் மண்டோர். வேலையாட்களை மேய்ப்பதும் அவரே, சாமிக்குப் பொறுப்பும் அவரே. ஒவ்வொரு ஆயுதமும் தனித்தனியாகப் பூஜை பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒன்றோடொன்று மாட்டிய நிலையில் இருந்தால் எந்தப் பொட்டு எதற்குப் போய்ச் சேரும் என்று கேட்பார். ஆகவே லாரியிலிருந்து டிரெய்லரைப் பிரித்தார்கள். தொட்டியைத் திறந்து காற்றையும் தண்ணீரையும் வெளியேற்றிக் கழுவினார்கள். இரண்டு குழாய்களையும் கழற்றி, தேய்த்து, வாழையிலையில் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வளைத்துவைத்துச் சந்தனம் தடவினார்கள். அதற்கு முன்தினம் எல்லாவற்றுக்கும் புது பெயிண்ட். குழாய் வளையங்கள், லாரிப் பக்கத்து வாய்கள், வால்வின் கைப்பிடி, ஜாக்கிகள், எல்லாம் ஒரே செக்கச்சிவப்பு. பார்க்க உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்த காலையில் டிரைவர் வந்தார். இந்த டிரெய்லரை ஓட்டுவதற்கென்று துரையே பொறுக்கியெடுத்த ஆள். நாற்பது வயது, கத்தோலிக்கர், அதிகம் பேசமாட்டார். பூஜை நாட்களை அக்கரையில் தாசேக் கெலுகோரில் மைத்துனர் வீட்டில் கழித்துவிட்டு ஃபெர்ரியில் வந்திருந்தார். ஜெலுத்தோங் பக்கம் ஓர் எண்ணெய் ஆலைக்கு ஒரு கொதிகலன் போக வேண்டும். லாரியை டிரெய்லரோடு சேர்த்து, குழாய்களை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னிரவு மழையில் தெரு நனைந்திருந்தது.

பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார், மாட்டுவண்டி விலகியதும் காலை எடுத்தார். டிரெய்லர் விடவில்லை. பூட்டிய சக்கரங்களோடு ஈரத்தில் வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பி, பின்பகுதி சாக்கடையில் இறங்கியது. கொதிகலன் சங்கிலியை அறுத்துக்கொண்டு உருண்டு அதே சாக்கடையில் போய்ப் படுத்தது. யாருக்கும் காயம் இல்லை. மாடு மட்டும் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியதாகக் கேள்வி.

முப்பத்தொன்றாம் விதி உதவிக்கு வரவேண்டிய நேரம் அது. வந்தது மண்டோரும் பன்னிரண்டு ஆட்களும். போலீஸ்காரர் தெருவைக் காலிசெய்யச் சொல்ல, குழாய்களைப் பிடுங்கி, தொட்டியைத் திறந்து காற்றை விட்டு, டிரெய்லரை வேறொரு லாரியால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பட்டறையில் மண்டோர் குழாய்களைத் திரும்ப மாட்டினார். துரை மிதியை அழுத்தினார், பிடித்தது. காலை எடுத்தார், புஸ்ஸென்று விட்டது. பத்து முறை செய்தார். பத்து முறையும் சரியாக இருந்தது.

விசாரணை அன்று மத்தியானமே நடந்தது. குறிப்பெடுத்தது நான். துரை முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்தில் கற்ற தமிழை வீணாக்க மாட்டார்.

"கால் எடு, பிரேக் விடும். கால் எடுக்கல, பிரேக் விடாது. அவ்ளோதான். நீ பயந்து போச்சு."

"எடுத்திட்டேன் தொர."

"எடுக்கல."

"என் காலு தொர. எனக்குத் தெரியாதா?"

"பயந்த ஆளுக்குத் தன் கால் தெரியாது," என்றார் துரை. அதோடு விசாரணை முடிந்தது.

வேலைநீக்கம். சர்வீஸ் புத்தகத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல். அந்தச் சொல் ஏறிய புத்தகத்தைக் காட்டினால், இந்தத் தீவில் கைவண்டியைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். பதினேழு வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதர், மைத்துனரோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதாகச் சொன்னார். உத்தரவு ஒப்புதலுக்காக லண்டனில் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். கப்பல் தபால் வாரம் ஒருமுறை. நானே உறையை ஒட்டினேன். ஒட்டும்போது எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். இதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் கணக்குத் தீர்க்க வந்தவரை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"மாதா மேல சத்தியமா ஐயா, ஒரே ஒரு தடவதான் மிதிச்சேன்."

"அதுக்கு முன்னாடி வண்டி எப்படி வந்துச்சு?"

"பஞ்சு மாதிரி வந்துச்சு. பின்னால ஒண்ணு மாட்டியிருக்கிறதே தெரியல."

"மிதிச்ச பிறகு?"

"பிறகு பிடிச்சது பிடிச்சதுதான். கால எடுத்தா புஸ்ஸுன்னு கேக்கணும்ல? கேக்கவே இல்ல லா."

அந்தப் புஸ்தான் என்னை எழுப்பியது. பொய் சொல்கிறவன் கேட்ட சத்தத்தைச் சொல்வான். கேட்காத சத்தத்தைச் சேர்த்துச் சொல்லத் தோன்றாது. அவர் போனபின் அலமாரியிலிருந்து அந்தச் சிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு டிரெய்லரிடம் போனேன். சிவப்பைச் சிவப்பிலும் நீலத்தை நீலத்திலும் மாட்டவும் என்றது புத்தகம். குனிந்து பார்த்தேன். இரண்டும் சிவப்பு. லாரிப் பக்கமும் இரண்டும் சிவப்பு.

அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்து, குழாய்களை மனதுக்குள் மாற்றி மாட்டிப் பார்த்தேன். கழுவியதால் தொட்டி காலி. தொட்டியை நிரப்பவேண்டிய காற்று, செய்திக் குழாய்க்குப் போகிறது. 'பிடி, பிடி' என்று வால்வுக்கு ஓயாமல் செய்தி வருகிறது. பிடிப்பதற்குத் தொட்டியில் காற்று இல்லை. ஆகவே டிரெய்லர் பஞ்சு மாதிரி வருகிறது. டிரைவர் முதன்முறையாக மிதிக்கிறார். மிதியிலிருந்து வரும் காற்று தொட்டிக்குள் போய் நிரப்புகிறது. வால்வு பிடிக்கிறது. அவர் காலை எடுக்கிறார். தொட்டிக் குழாயில் காற்று அடங்குகிறது. குழாய் அறுந்துவிட்டது என்று வால்வு எடுத்துக்கொண்டு, இருக்கும் காற்றை எல்லாம் சக்கரங்களுக்கு அனுப்பி இறுக்கிப் பிடிக்கிறது. இனி எந்தக் காலை எடுத்தாலும் விடாது. புஸ் சத்தமும் வராது. டிரைவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்படியே பொருந்தியது.

எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. பெரிய கிராணிகள் பட்டறையில் கைதட்டும் வழக்கம் இல்லாததால் தட்டவில்லை.

ஸ்டோர் பதிவேட்டைப் புரட்டினேன். பூஜைக்குச் சிவப்பு பெயிண்ட் இரண்டு டின், நீலம் இல்லை. வழங்கியவர் கையெழுத்து: என்னுடையது. நீலம் லட்சணமாக இருக்காது என்று மண்டோர் சொன்னதும், நான் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. நிற அடையாளம் உள்ள பாகங்களுக்கு வேறு நிறம் தரக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அதையும் டைப் அடித்தவன் நானே.

டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டனுப்பினேன்.

"அன்னைக்குக் காலையில எந்தக் குழாய் எதுன்னு எப்படிப் பாத்தீங்க?"

"மண்டோர் அண்ணனக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அத விடுங்க ஐயா. அவரு பிள்ளகுட்டிக்காரரு."

"உங்களுக்கு எத்தனை?"

"அஞ்சு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "'ரெண்டுலயும் காத்துதானப்பா போவுது, எதுல எது போனா என்ன'ன்னாரு."

டிரைவர் ஒரு விதமாக மாட்டினார், வண்டி சாக்கடையில். மண்டோர் மறு விதமாக மாட்டினார், பிரேக் கச்சிதம். இரண்டே வழி உள்ள ஒரு காரியத்தில் ஒருவர் வாழ்க்கை அந்தப் பக்கம் விழுந்தது.

சோதனை நடத்த அனுமதி கேட்டுத் துரைக்குக் கடிதம் எழுதினேன். 'விஷயம் முடிந்தது' என்று ஓரத்தில் எழுதித் திருப்பினார். இன்னொன்று எழுதினேன். 'முடிந்தது' என்று மட்டும் வந்தது. மூன்றாவதில் கையெழுத்து மட்டும். நான்காவது எழுதினால் வெறும் உறைதான் வரும் என்று தெரிந்ததால், கெஞ்சுவதை விட்டுவிட்டு விதிப்புத்தகத்தைத் திறந்தேன். பிரேக் பாகங்களுக்குப் புது பெயிண்ட் அடித்தால், ஒரு மாதத்துக்குள் மேலதிகாரி முன்னிலையில் பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். துரை எழுதிய விதி. அனுமதி தேவையில்லை, அவர் வராமல் இருக்கத்தான் அனுமதி தேவை. அச்சடித்த படிவத்தை நிரப்பி அவர் மேசையில் வைத்தேன். படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ ஆபத்தான ஆள்," என்றார்.

சோதனை நாள் காலையில் பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் முற்றத்தில்தான் ஏதோ வேலை இருந்தது. வேலைநீக்கப்பட்டவர் உள்ளே வரக்கூடாது. ஆகவே டிரைவர் கேட்டுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்டோர் அவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பூஜைக்கு வராதவன் கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்பா."

"உங்க பூஜதான் அண்ணே என்னக் கவுத்துச்சு," என்றார் டிரைவர்.

தொட்டியைக் காலிசெய்து, குழாய்களைக் கழற்றி வைத்திருந்தேன். துரையிடம், "எதை எதில் மாட்ட வேண்டும் என்று ஐயா சொன்னால் நல்லது," என்றேன்.

துரை குனிந்தார். ஒரு சிவப்பைப் பார்த்தார். மற்றொரு சிவப்பைப் பார்த்தார். மண்டோரைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் காத்துதான் தொர," என்றார் மண்டோர். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

துரை தன் கையாலேயே மாட்டினார். அவர் சரியாக மாட்டிவிட்டால், மாற்றி மாட்டி இன்னொரு முறை ஓட்டச் சொல்வதாகத் திட்டம் வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அன்று டிரைவர் எப்படித் தவறாக மாட்டினாரோ அப்படியே துரையும் மாட்டினார். வண்டியை ஓட்டுவதும் துரையே என்று படிவத்தில் போட்டிருந்தேன். ஏறினார். டிரெய்லர் பஞ்சு மாதிரி பின்னால் வந்தது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். என்னைக் கடக்கும்போது புருவத்தைத் தூக்கிக் காட்டினார். பிறகு மிதித்தார். நின்றது. காலை எடுத்தார்.

சத்தமே இல்லை.

ஆக்சிலேட்டரை அழுத்தினார். லாரி உறுமியது. டிரெய்லர் நகரவில்லை. இன்னும் அழுத்தினார். எட்டுச் சக்கரங்களும் உருளாமல் சரளையில் கோடு கிழித்துக்கொண்டு இரண்டு முழம் வந்தன. லாரி குலுங்கி அணைந்தது.

கேட்டுக்கு வெளியிலிருந்து, மிகவும் மரியாதையாக, டிரைவரின் குரல் வந்தது.

"தொர, கால எடுங்க."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நான் இல்லை, நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். துரை முகம் முற்றத்திலிருந்த ஜாக்கியின் நிறத்துக்கு வந்தது. அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தோம். அவர் இரண்டு கால்களையும் தூக்கி, பூட்ஸோடு முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"எல்லாம் பாரு. கால் எங்கே?"

"மேல தொர," என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

"பிரேக் விட்டுச்சா?"

"விடல தொர."

இறங்கி வந்து, கேட்டைத் திறக்கச் சொன்னார். டிரைவர் முன்னால் வந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல் தோட்டத்துத் தமிழில் அவருக்குக் கற்றுத்தரப்படவில்லை போலும். "உன் கால் சரி," என்றார். டிரைவர் தலையசைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மண்டோர் தானாகவே வந்து அவர் தோளைத் தொட்டு, "நாந்தாம்பா சொன்னேன், எதுல போனா என்னன்னு. தொரகிட்டயும் சொல்லிட்டேன்," என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல அண்ணே," என்றார் டிரைவர். ஆனாலும் மண்டோர் நீட்டிய சுருட்டை வாங்கிக்கொண்டார்.

பெயிண்ட் பதிவேட்டை நானே துரையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் முப்பது வருஷ உத்தியோகத்தில் வாங்கிய ஒரே எழுத்துமூல எச்சரிக்கை அது. அதையும் நானே டைப் அடித்தேன், பிழையில்லாமல்.

ஆனால் வேலைநீக்க உத்தரவு கப்பலில் போய்க்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன உத்தரவைத் தலைமை அலுவலகம்தான் ரத்து செய்யலாம். சோதனை விவரம், வால்வின் படம், டிரைவரின் வாக்குமூலம், மண்டோரின் கைநாட்டு, துரையின் கையெழுத்து எல்லாவற்றையும் வைத்துப் பதினொரு பக்கம் அனுப்பினேன். இடையில் அவரைத் தற்காலிக ஆள் என்று எடுத்துக்கொள்ள வழியிருந்தது. தற்காலிக ஆளை இருபத்தெட்டு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இருபத்தொன்பதாம் நாள் விலக்கி முப்பதாம் நாள் புதிதாக எடுக்கலாம். அப்படி மூன்று முறை எடுத்தேன். அந்த மூன்று முறையும் அவர் அதே டிரெய்லரைத்தான் ஓட்டினார். சாக்கடையில் படுத்திருந்த கொதிகலனை ஆலையில் கொண்டுபோய் இறக்கியதும் அவர்தான். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் தபால் வந்த அன்று என் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். எதுவும் கேட்க மாட்டார். நான் தலையை இடமும் வலமும் அசைப்பேன். போய்விடுவார்.

கடைசியில் ஒரு வாரம் தலையை மேலும் கீழும் அசைத்தேன். மூன்றே வரிப் பதில்: வேலைநீக்கம் ரத்து, பணி தொடர்ச்சியாகக் கருதப்படும், சர்வீஸ் புத்தகத்திலுள்ள சொல் அடிக்கப்பட வேண்டும். அவரை உள்ளே கூப்பிட்டேன். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். அடிக்கும் சொல்லை ஒரே கோட்டால், பின்னால் படிக்க முடியும்படி அடிக்க வேண்டும் என்பது விதி. நான் பேனாவை நன்றாக மையில் தோய்த்து, அந்தச் சொல்லை இனி யாராலும் படிக்க முடியாதபடி ஆறு கோடுகள் போட்டேன். பக்கத்தில் கையெழுத்திட்டு, பதில் வந்த தேதியை எழுதினேன்: பிப்ரவரி ஒன்பது.